கறிவேப்பிலைக்கு ஓர் ஆசனம்

சமையல் சாத்திரப்படி கறிவேப்பிலை முதலில் எண்ணெயில் குதிக்க வேண்டும், கடைசியில் தட்டோரம் போக வேண்டும். நடுவில் என்ன மரியாதை என்பதைச் சாத்திரம் சொல்லவில்லை. கொடுவா மீன் வறுத்த ஒரு வீட்டில் ஓர் இலைக்கு இது பொறுக்கவில்லை.

"இன்னிக்கு நான் குதிக்க மாட்டேன். உன்னை மாதிரி கடைசியில வந்து மீன் மேல உட்காருவேன்" என்றது கொத்தமல்லியிடம்.

"தாராளமா உட்காருங்க அண்ணே! எண்ணெய்ன்னா எனக்கென்ன பயமா?" என்று கொத்தமல்லி சட்டியில் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் கரியானது.

"யாராவது சீக்கிரம் ஏறுங்கப்பா, முதுகு வேகுது" என்றது கொடுவா.

மீன் வெந்து தட்டுக்கு வந்ததும், கறிவேப்பிலை வாடாத மேனியோடு அதன் நடுமுதுகில் மாப்பிள்ளைபோல் அமர்ந்தது. சாப்பிட வந்தவரின் கை நீண்டது. மீனைத் தொடுவதற்கு முன்பே இலையை எடுத்து ஓரத்தில் வைத்தது.

கறிவேப்பிலை சுருண்டு கிடந்தது. சற்று நேரத்தில் அதனருகே கொடுவாவின் நடுமுள் வந்து விழுந்தது.

"தம்பி, கொஞ்சம் இடம் குடேன்."

கறிவேப்பிலை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அந்தப் பக்கம் தள்ளிப் படுங்க. இங்க நான்தான் சீனியர்."