கையுறை அம்மா

அந்த அம்மா பூங்காவுக்கு வர ஆரம்பித்த நாலாம் நாளே வாட்ச்மேனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவராம். விடிந்ததும் விடியாததுமாக வந்து நிற்பார். முழங்கை வரை ரப்பர் கையுறை, கனமான பூட்ஸ், ஒரு கையில் நீள இடுக்கி, மறுகையில் தடிமனான பை. போதாக்குறைக்கு இடுப்பில் மூடி போட்ட டப்பா. நிலாவுக்குப் போனவர்கள்கூட இத்தனை ஏற்பாட்டோடு கிளம்பியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் எதற்கு? குப்பை பொறுக்க. அதுவும் சம்பளமில்லாமல்.

நடைபாதையைப் பெருக்கத்தான் ஆள் இருக்கிறதே என்று, அந்த அம்மா நேராகக் குளத்துக்குப் பின்னாலிருக்கும் புதர்ப் பக்கம் போய்விடுவார். முதலில் இடுக்கியால் புதரைத் தட்டுவார். குனிந்து உற்றுப் பார்ப்பார். கசங்கிய சிப்ஸ் பொட்டலம் ஒன்றை, ஏதோ புதையலை எடுப்பதுபோல் பதமாக எடுத்துப் பைக்குள் போடுவார்.

வாட்ச்மேன் தானே போய்ப் புதரைப் பார்த்தார். துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தோட்டக்காரனிடம் புலம்பினார். பூங்கா சுத்தமானால் நல்லதுதானே என்றான் அவன்.

"ஓசியில யாராவது குப்பை பொறுக்குவாங்களாடா? புதருக்குள்ள மட்டும் அப்படி என்ன தேடுறாங்க?"

போன மாதம் இங்கே போதைப் பொட்டலம் கைமாறுவதாகப் போலீஸ் வந்து தேடியது தோட்டக்காரனுக்கு ஞாபகம் வந்தது. அவனும் புதர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

மறுநாள் வாட்ச்மேன் அந்த அம்மாவை மடக்கினார். கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் பாடமே எடுத்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடக்கூடாது. ஊசி கிடந்தால் இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட வேண்டும். நிறைந்த பையைக் காலால் அமுக்கக்கூடாது.

"பொட்டலத்தைப் பிரிச்சுப் பாப்பீங்களாம்மா?" வாட்ச்மேன் பையையே பார்த்தபடி கேட்டார்.

"பிரிக்கவே கூடாது தம்பி. உள்ள என்ன கண்றாவி இருக்குமோ. அப்படியே போட்டுக் கட்டிடணும்."

"கட்டின பையெல்லாம் எங்கம்மா?"

"அஞ்சு நாளா சேர்ந்ததைக் காலையிலேயே ஆஸ்பத்திரி வண்டியில ஏத்திவிட்டேன். ஊசியெல்லாம் கலந்து கிடக்குல்ல, இந்நேரம் எரிச்சிருப்பாங்க."

கூடவே, வெறுங்கையால் எதையும் தொடாதீர்கள் என்று புதுக் கையுறை ஒரு ஜோடியும் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாட்ச்மேன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. தோட்டக்காரன் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தான்.

"இவ்வளவு சந்தேகம் இருந்தா பேசாம போலீஸ்ல சொல்லிடுங்கண்ணே. ஸ்டேஷன் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு."

வாட்ச்மேன் கையிலிருந்த புதுக் கையுறையைப் பார்த்தார்.

தான் புதரில் ஒளித்துவைத்த சரக்கை ஒரு அம்மா அள்ளிக்கொண்டுபோய் எரித்துவிட்டார் என்று கொடுத்தால், அந்தப் புகாரை எந்த ஸ்டேஷனில் வாங்குவார்கள் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.