நாற்காலிக் காலில் ஒரு கண்

"கண்ணை எங்க வெச்ச?"

"என் கண்ணு என் மூஞ்சிலதான் இருக்கு. உங்க சம்பந்தி கண்ணைக் கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியாது" என்றாள் மனைவி.

ரம்பம் மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். தெருவில் அவருக்கு அதுதான் பெயர். மெஷின் மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு ரம்ப மெஷின் வாங்கினார். நூல் போன்ற பிளேடு, தையல் மெஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் குதிக்கும். அதில் பலகையைப் படம் படமாக அறுத்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பரிசளித்தார். நிஜப் பூனைகளைவிட அவருடைய மரப் பூனைகள்தான் தெருவில் அதிகம். எலிகள் குழம்பிப்போய் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டன.

இப்போது அறுத்திருந்தது சம்பந்தியின் முகம். மகளின் கல்யாணத்துக்கு இன்னும் பத்தே நாள். மாலை ஐந்து மணிக்குச் சம்பந்தி முதன்முறையாக வீட்டுக்கு வருகிறார். தேக்குத் துண்டுகளில் மூக்கு, மீசை, வலது கண் எல்லாம் பிரமாதமாக அமைந்திருந்தன. இடது கண்ணின் கருவிழி மட்டும் துள்ளி எங்கோ போயிருந்தது.

"மரத்தூளோட பெருக்கித் தள்ளியிருப்பேன். வேற ஒண்ணு அறுங்க."

"தேக்கு தீந்துபோச்சு."

"வேணும்னே தொலைச்சிருக்கீங்க. மோதிரம் மாத்தின அன்னிக்கு அவர் உங்க வணக்கத்துக்குப் பதில் சொல்லலைங்கற கோவம் உங்களுக்கு இன்னும் போகல."

"பின்ன? பக்கத்துல நின்னு கும்பிடு போடறேன், தூணைப் பாக்கற மாதிரிகூட பாக்காம போறார். அவங்க அனுப்பின போட்டோவையெல்லாம் பாரு! ஒரு பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் நிக்கறார். ஆபீஸ் அடையாள அட்டையிலதான் நேர் முகமே கிடைச்சுது. அவ்வளவு தலைக்கனம்!"

"தலைக்கனமோ தலைவலியோ, அந்த வீட்லதான் நம்ம பொண்ணு வாழணும். அவர் மனசு கோணினா அவ நிம்மதி போச்சு. அதை நினைச்சுக்கிட்டே கண்ணை வையுங்க."

உடைந்த நாற்காலிக் கால் ஒன்று பரணில் கிடந்தது. வெளிர் மரம். ரம்பம் அதில் ஒரு கருவிழி அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டினார். எட்ட நின்று பார்த்தார். வலது கண் ஆளை முறைத்தது. இடது கண் நாற்காலிக் காலாகவே இருந்தது.

"ஐயையோ, ஒரு கண்ணுல உயிரே இல்லையே! கேலி பண்றோம்னு நினைச்சு கல்யாணத்தையே நிறுத்திடுவார். எடுத்து ஒளிச்சு வையுங்க, ரெண்டு கிலோ ஆப்பிள் வாங்கிக் குடுத்துக்கலாம்!"

அதற்குள் வாசல் மணி அடித்தது. சம்பந்தி அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார்.

நடுக்கூடத்தில் சோபா காலியாக இருந்தும், இடதுபக்கச் சுவரை ஒட்டிய முக்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தார். ரம்பம் மனைவியைப் பார்த்து, 'பாத்தியா?' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். அவள் பக்கத்து மேஜையிலிருந்த படத்தின்மீது துண்டைப் போடப் பாய்ந்தாள். சம்பந்தி அதற்கு முன்பே அதைக் கையில் எடுத்துவிட்டார்.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சம்பந்தி, அது வந்து... தேக்கு..."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"எதை?"

சம்பந்தி உடம்பு முழுவதையும் திருப்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. வீட்டுக்காரியத் தவிர யாருக்கும் தெரியாது. பெத்த பிள்ளைகிட்டகூட சொல்லல. இந்தப் பக்கம் நின்னு யாராவது கும்பிட்டிருந்தா, என்னைத் திமிர் பிடிச்சவன்னு நினைச்சிருப்பாங்க. நீங்க ஒரே தடவைல கண்டுபிடிச்சு, ஊரைக் கூட்டாம, பலகைலயே சொல்லிட்டீங்க."

ரம்பம் நாற்காலிக் காலின் மிச்சத்தைக் காலாலேயே மேஜைக்கு அடியில் தள்ளினார்.

சம்பந்தி தன் இடது கண்ணைக் கழற்றி, கைக்குட்டையில் துடைத்து, படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "என்னோடது வெறும் கண்ணாடிக் கண்ணு. இந்த மரத்துலயே எனக்கு ஒண்ணு அறுத்துத் தருவீங்களா?"