மாநிறம்

வேலைக்கு வந்த வெளிநாட்டில், ஓர் அறையில் பத்துப் பேர். கட்டிலைச் சுற்றித் தொங்கிய நீலத் துணிக்குள் உட்கார்ந்து, மகள் நஸ்ரின் வரைந்து அனுப்பிய குடும்பப் படத்துக்கு லேப்டாப்பில் வண்ணம் பூசப் பழகிக்கொண்டிருந்தான் சிக்கந்தர். மனைவியின் சேலையும் மகளின் கவுனும் சுலபமாக முடிந்தன. தொட்ட இடத்தின் நிறத்தை எடுத்துத் தரும் கருவியால் தன் பாஸ்போர்ட் போட்டோவைத் தொட்டு, தன் முகத்தில் மாநிறம் நிரப்பி அனுப்பினான்.

பிறந்ததிலிருந்து அவனை அந்தத் துணிக்குள், போனில் மட்டுமே பார்த்த மகள் வீடியோ காலில் வந்தாள்.

"அத்தா, இது யாரு?"

"நான்தாம்மா."

"பொய். நீங்க நீலமால்ல இருப்பீங்க."

அடுத்த வாரம் ஊருக்குப் போகிறான். சிரித்தபடி துணியை விலக்கினான். ஜன்னல் வெயில் முகத்தில் விழுந்தது.

"இப்பப் பாரு."

குழந்தை கொஞ்ச நேரம் பார்த்தது.

"மாமா, அத்தாகிட்ட போனைக் குடுங்க."

சிக்கந்தர் துணியை மெல்ல இழுத்து மூடினான்.