ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட வேண்டிய கம்ப்யூட்டர்

சினேகா பவர் பட்டனை மறுபடியும் அழுத்தினாள். உள்ளே காற்றாடி சுற்றியது. திரை மட்டும் இருட்டாகவே கிடந்தது.

நேற்று மத்தியானம் வரைக்கும் ஓடிய கம்ப்யூட்டர் இது.

விருதுநகரில் பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அன்வர் பாய், கழித்துப்போட்ட பாகங்களை ஒரு சாக்கில் அள்ளிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் இதிலிருந்து கேம் விளையாடுகிற மாதிரி ஒன்றைச் சேர்த்துக் கொண்டுவந்தால் திங்கட்கிழமையே கடையில் வேலை என்பது அவருடைய பேச்சு.

மதர்போர்டு, காலண்டர் அடிக்கும் பிரஸ் ஒன்று தூக்கிப்போட்டது. கிராபிக்ஸ் கார்டு, மூடிப்போன பிரவுசிங் சென்டருடையது. கேபினெட் கிடைக்காததால் பட்டாசு அட்டைப்பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் உட்காரவைத்து, காற்றுப் போக நாலு பக்கமும் ஓட்டை போட்டிருந்தாள்.

இன்றைக்குள் இது ஓடாவிட்டால், நாளைக்கு எம். புதுப்பட்டியில் அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்கு அவளும் போயாக வேண்டும். சீசன் நேரம். அம்மா போர்மேனிடம் சொல்லி வைத்தாயிற்று. டிப்ளமோ சான்றிதழைக் காட்டினால் வெடிமருந்து ஒதுங்கி நிற்காது. அந்தப் பயம் சினேகாவுக்கு நிறையவே இருந்தது.

ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வயர், கார்டு, கடைசியாக ரேம்.

நீளமான பச்சைச் சில்லு அது. அதன் ஓரத்தில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துச் சுத்தமாகத்தான் மாட்டியிருந்தாள்.

இப்போது அந்தப் பற்களின் மேல் பளபளவென்று ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

பட்டாசு மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பவுடர்.

அந்த வீட்டில் அப்படிப்பட்ட விரல் அம்மா சின்னத்தாய் ஒருத்திக்குத்தான் உண்டு. எத்தனை சோப்புப் போட்டாலும் ரேகைக்குள்ளிருந்து போகாது. கரண்ட் பாயும் பொடி. பல்லோடு பல்லை அது இணைத்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் எழுந்திருக்காது.

நேற்று சாயங்காலம் சினேகா சிவகாசிக்குப் போயிருந்தாள். அம்மா மட்டும்தான் வீட்டில்.

அம்மா மேல் இப்படி ஒரு கோபம் அவளுக்கு வந்ததே இல்லை. பெற்றவளே குழி பறித்துவிட்டாளே. கம்பெனிக்குத்தான் வர வேண்டும் என்றால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்.

ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். துகள் போக பிரஷால் தட்டினாள். மாட்டினாள். பட்டனை அழுத்தினாள்.

திரையில் வெளிச்சம் வந்தது. கார் பந்தயத்தைப் போட்டுப் பார்த்தாள். ஒரு இடத்திலும் திக்காமல் ஓடியது.

அவளுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. நேரே பின்வாசலுக்குப் போனாள்.

சின்னத்தாய் கறிக்குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்து, அவளே முந்திக்கொண்டாள்.

"ஓடுதா, ஆத்தா? நேத்து நீ இல்லாதப்ப ஒரு சில்லு சாஞ்சாப்ல இருந்துச்சு. கழட்டி, நீ தேய்ப்பீல்ல, அதே மாதிரி விரலால நல்லாத் தேச்சு மாட்டி வச்சேன். பயந்துராத, கம்பெனியில மருந்துல கை வைக்கிறதுக்கு முந்தி செம்புத் தகட்டத் தொட்டு ஒடம்பு கரண்ட எறக்குவோம்ல, அதே மாதிரி சன்னல் கம்பியத் தொட்டுட்டுத்தான் தொட்டேன். நாளைக்கு நீ அங்கன வந்துறக் கூடாதுன்னு எம்புட்டுச் சாமியக் கும்புட்டேன் தெரியுமா."

சினேகா வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். பிறகு ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.

"ஓடுதும்மா. நீ தேச்சு மாட்டுனதுலதான் ஓடுது."