கவிழ்த்து வைத்த கைபேசி

வாருங்கள், இந்த விரிப்பின் ஓரமாக அமருங்கள். பட்டப்பகலில், கைதட்டலுக்கு நடுவில், ஒரு கொள்ளை நடக்கப்போகிறது. அதற்குச் சாட்சி வேண்டும்.

எங்கள் பனிமலை நாட்டின் நரின் நகரில் அனார்குலின் வீடு. இம்மாத ஷெரினே விருந்து அவளுடையது.

ஷெரினேயில் மோசடி கிடையாது. பன்னிரண்டு பெண்கள், மாதம் ஒரு வீட்டில் கூடுவார்கள், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவார்கள். விருந்து வைப்பவள் அத்தனையையும் எடுத்துக்கொள்வாள். ஆண்டு முடியும்போது ஒருத்திகூட வெறுங்கையோடு நிற்கமாட்டாள்.

இன்று அனார்குலுக்கு இரட்டை மகிழ்ச்சி. கைபேசியிலும் அவளுடைய கெசெக் வந்துவிட்டது.

கெசெக் என்றால் எங்கள் பேச்சில் முறை. வரிசைக்கும் அதே சொல்தான். திருடன் புகுந்தது அந்த இடுக்கு வழியாகத்தான்.

தன் திட்டத்துக்குத் தங்கக் கெசெக் என்று பெயர் வைத்தான். ஐம்பதாயிரம் சோம் போடு, உனக்குப் பின்னால் நால்வரைச் சேர், இரண்டு லட்சம் உன் கையில் என்றான். பணம் துபாயில் தங்கமாக வளர்கிறது என்று முகம் காட்டாத குரலொன்று நாள்தோறும் கைபேசிக் குழுவில் ஓதியது. நம் ஷெரினேதான் கைபேசிக்குள் போயிருக்கிறது என்று பெண்கள் நம்பினார்கள்.

வட்டத்தில் முறை சுற்றி வரும். வரிசையின் வாலில் நிற்பவளுக்கு அது எங்கிருந்து வரும்?

ஒருத்திக்குப் பின்னால் நால்வர். நால்வருக்குப் பின்னால் பதினாறு பேர். பத்தே படி இறங்குவதற்குள் பத்து லட்சம் பேர். மேலும் இரண்டு படி இறங்கினால், தொட்டில் குழந்தைகளைச் சேர்த்தாலும் இந்த நாட்டில் ஆள் போதாது. வரிசை எந்தப் படியில் அறுந்தாலும், போட்டவர்களில் நாலுக்கு மூன்று பேர் அந்தக் கடைசிப் படியில்தான் நிற்பார்கள். அவர்களுக்குக் கொடுக்க உலகத்தில் எவரும் மிச்சமில்லை.

விருந்துக்கு அனார்குல் மாவு பிசைந்துகொண்டிருந்தபோதே கைபேசி மூன்று முறை ஒலித்திருந்தது. ஒவ்வொரு முறையும் ஐம்பதாயிரம். கையெல்லாம் மாவு, தொகையை மட்டும் எட்டிப் பார்த்தாள். நிறுவனம் தவணையாக அனுப்புகிறது என்று எண்ணிக்கொண்டாள். பனி விழுவதற்குள் கூரைக்குத் தகரம் போட்டுவிடலாம். போன குளிர்காலம் முழுவதும் ஒழுகலுக்கு அடியில் வாளி வைத்தே கழிந்தது.

எல்லோரும் விரிப்பைச் சுற்றி அமர்ந்ததும் நான்காவது ஒலி.

பெண்கள் கைதட்டினார்கள். தகரக் கூரைக்காரி இனிமேல் தெருவில் நம்மைப் பார்த்தால் கண்டுகொள்வாளா என்று ஒருத்தி கேட்க, வீடே சிரித்தது. அனார்குல் கைபேசியை எடுக்கப் போனாள்.

விரிப்பின் தலைமாட்டில், மரியாதைக்குரிய இடத்தில், ஷெகெர் அமர்ந்திருந்தாள். அனார்குலை இந்த வரிசையில் சேர்த்தவள் அவள்தான். முறை வந்து பணமும் பார்த்தவள்.

"அதக் கவுத்து வைடி அனார்குல். வர்ற செல்வத்த உத்து உத்துப் பாத்தா கண்ணு பட்டுரும்."

கண்ணேறுக்கு அஞ்சாதவர் இங்கே யார்? அனார்குல் கவிழ்த்து வைத்தாள்.

கதவு திறந்தது. புருல்சா, மூச்சு வாங்க, தாமதமாக வந்து நின்றாள். ஐம்பதாயிரத்துக்கு எங்கே போவேன் என்று தயங்கியவளை, பேசிப் பேசி வரிசையில் இழுத்துவிட்டவள் அனார்குல். புருல்சாவிடம் இருந்தது ஒரே ஒரு கறவை மாடு. அதன் பாலில்தான் இரட்டைப் பிள்ளைகள் வளர்ந்தன.

அவள் தோள்பையிலிருந்து ஒரு தலைக்கயிறு தொங்கியது.

மாட்டை விற்பவர் கயிற்றைக் கொடுப்பதில்லை. மாட்டோடு தொழுவத்தின் அதிர்ஷ்டமும் போய்விடக் கூடாதே. கயிற்றைப் பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது.

கேட்பதற்குள் புருல்சாவே சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வித்துட்டேன்க்கா. சந்தையில நின்னே இப்பதான் பணத்தப் போட்டேன். அவங்க அனுப்புன QR கட்டத்துக்கு நேரா போனக் காட்டுனேன், போயிருச்சு. என் முறை வரட்டும், ரெண்டு மாடு புடிக்கணும், இந்தக் கயித்துக்கு ஜோடியா இன்னொண்ணு வாங்கணும்."

இப்பதான்.

அனார்குல் கைபேசியைத் திருப்பினாள்.

ஐம்பதாயிரம். அனுப்பியவர்: புருல்சா.

அதற்கு மேலே இன்னும் மூன்று ஐம்பதாயிரங்கள், அவளே வரிசையில் சேர்த்த மூன்று பெயர்கள். மூன்று பேரும் அதே விரிப்பைச் சுற்றித்தான் அமர்ந்திருந்தார்கள். சற்றுமுன் கைதட்டியவர்கள். எந்தப் பணத்துக்குக் கைதட்டினோம் என்று அறியாதவர்கள்.

துபாய் எங்கே? தங்கம் எங்கே? இருந்ததெல்லாம் ஒரு மாடு.

தான் போட்ட ஐம்பதாயிரம் யாரிடம் போனது என்பதும் அந்தக் கணமே அவளுக்கு விளங்கிற்று. நிமிர்ந்து தலைமாட்டைப் பார்த்தாள்.

"உனக்கு வந்தப்ப, யார் பேர்ல வந்துச்சுன்னு நீ பாத்தியாக்கா?"

ஷெகெர் எப்போதோ ஆறிப்போன தேநீரைக் குனிந்து ஊதினாள்.

அனார்குலின் கூரை ஒரு கணம் அவள் விரலைப் பிடித்து இழுத்தது. பிறகு அவள் புருல்சாவின் பெயரைத் தொட்டாள். ஐம்பதாயிரத்தை அந்தப் பெயருக்கே திருப்பி அனுப்பினாள். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக.

கண்டீர்களல்லவா? இனி உங்கள் முறை. உங்கள் வீட்டில் கவிழ்ந்து கிடக்கும் கைபேசியைத் திருப்புங்கள். தொகையை விடுங்கள், பெயரைப் படியுங்கள். உரக்கப் படியுங்கள், தலைமாட்டில் இருப்பவளுக்கும் கேட்கட்டும். படித்த பெயருக்கே பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்போதே அனுப்புங்கள். சந்தை இன்னும் கலையவில்லை. கயிறில்லாத மாடொன்று அங்கே நிற்கிறது.