எண்ணிக்கை: ஒன்று

கணக்கெடுப்பின் கடைசி நாள். கடைசிப் பாறை. சிலிண்டர் காற்றைக் காட்டும் முள் சிவப்பைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

அவள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாறையிடுக்கில் டார்ச் அடித்தாள்.

இருந்தது.

சுண்டுவிரல் நீளம். வெள்ளை உடம்பு, சுற்றிலும் மஞ்சள் கரை. ஓடில்லாத கடல் நத்தை. ஆய்வுக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று வைத்திருக்கிறார்கள். இவளுக்கு அது கரைச்சேலை.

அடி என் ராசாத்தி, எங்கடி போயிருந்தே இத்தனை நாளா?

கடலுக்குள் கத்தவா முடியும். குமிழிதான் வந்தது.

மூன்று வருடம் சேர்ந்தாற்போல் ஒன்றுகூடப் படத்தில் சிக்காவிட்டால், பட்டியலிலிருந்து பாறையின் பேரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். இது மூன்றாவது வருடம்.

முன்னால் பாசி ஆடி ஆடி மறைத்தது. விலக்கினாள். ஆறு படம் எடுத்தாள். வலப்பக்கக் கரையில் ஒரு சின்ன வெட்டு. ஏதோ மீன் கடித்திருக்க வேண்டும்.

மேலே வந்தாள்.

படகுக்காரர் குருசுமுத்து சிலிண்டரை வாங்கி வைத்தார். பலகையையும் பென்சிலையும் எடுத்தார். அவள் சொல்வதை எழுதுவது அவர் வேலை.

“எத்தனைத்தா?”

“ஒண்ணுண்ணே.”

“ஒண்ணேதானா?”

“ஒண்ணேதான்.”

எண்ணிக்கைக் கட்டத்தில் 1 விழுந்தது.

சந்தோசமாகத்தான் இருந்தது. வெயிலில் தலையைத் துவட்டும் வரைக்கும் இருந்தது. அதன் ஆயுசே ஒரு வருடம். ஒத்தையாய் ஒன்று இருந்து என்னத்தைப் பெருக்கும்? இந்த வருடம் பாறை தப்பித்தது. அடுத்த வருடம்?

டார்ச்சை வைக்க இடுப்புப் பையைத் திறந்தாள்.

உள்ளே ஒரு கொத்துப் பாசி.

யார் வைத்தது? வேறு யார். பதினைந்து வருடம் மூச்சடக்கிப் பாசி எடுத்த கை. வலது கை பிடுங்கும், இடது கை இடுப்புப் பையில் திணிக்கும். அவளைக் கேட்டுக்கொண்டா செய்யும்? சிலிண்டரும் காமிராவும் வந்து நாலு வருடம் ஆகிறது. அது கைக்கு இன்னும் தெரியவில்லை.

எதையும் தொடாதே. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

பாசியைப் புரட்டினாள். அடித்தண்டில் வெள்ளையாய் ஒரு நாடா, சுருள் சுருளாய், முறுக்குப் பிழிந்த மாதிரி ஒட்டியிருந்தது.

முட்டை. கரைச்சேலையின் முட்டை.

“அடிப்பாவி!” என்றாள். தன்னைத்தான்.

வாளியில் கடல்தண்ணி மொண்டு அதைப் போட்டாள். அடுத்த வருடத்தையே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டோமே என்று அழுகையாய் வந்தது. மூக்கை உறிஞ்சினாள்.

குருசுமுத்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஏத்தா, ஒத்தையா இருக்கறது முட்டை போடுமா?”

அவள் அழுகை நின்றது.

“போடாதுண்ணே. சோடி வேணும்.”

இரண்டு பேரும் பலகையைப் பார்த்தார்கள்.

“அப்ப ரெண்டுன்னு போட்டுறவா?”

“ஐயையோ, பாக்காம எழுதக்கூடாது.”

சிலிண்டரில் காற்று இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இரண்டாள் ஆழம். இந்தக் கடலில் எத்தனை ஆயிரம் தடவை வெறும் மூச்சோடு இறங்கியிருப்பாள்.

முகக்கண்ணாடியை மட்டும் மாட்டினாள். பாசியை உள்ளங்கையில் பொத்தினாள். நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

அதே இடுக்கு. பாசியை இருந்த இடத்திலேயே வைத்து, அலை இழுக்காமல் ஒரு கல்லை அண்டக் கொடுத்தாள். நாடா அறுந்திருக்கவில்லை. பக்கத்திலேயே கரைச்சேலை, வெட்டுப்பட்ட கரையோடு, ஒன்றும் நடக்காத மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

மன்னிச்சுக்கோடி.

நெஞ்சு முட்டியது. திரும்பினாள்.

கல்லை எடுத்த பள்ளத்தில் மஞ்சளாய் என்னவோ அசைந்தது.

குனிந்தாள். வெள்ளை உடம்பு. மஞ்சள் கரை. வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள். எங்கேயும் வெட்டு இல்லை.

காமிரா படகில் இருந்தது. படமில்லாமல் சொன்னால் ஒருத்தரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

காலை உதைத்து மேலே வந்தாள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மூக்கில் தண்ணி, கண்ணில் தண்ணி. பேச்சு வரவில்லை. ஒரு கையை மட்டும் மேலே நீட்டினாள்.

“என்னத்தா? பாசி நிக்கலையா?”

அதில்லை என்று அவள் தலையை ஆட்டினாள். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

“காமிராவக் குடுங்கண்ணே. சீக்கிரம்.”

குருசுமுத்து கொடுத்தார். அவள் மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டு தலைகுப்புற இறங்கினாள். கால்கள் மறையும் வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பலகையை மடியில் எடுத்து வைத்தார்.

பாக்காம எழுதத்தானே கூடாது.

கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, அந்த ஒன்றை அழிக்க ஆரம்பித்தார்.