ஐம்பதில் இரண்டு

"மழுப்பாம சொல்லு கேலம். என் புருஷன் ராஸ்லின் வீட்டுப் பக்கம் கரை ஒதுங்குவாரா, மாட்டாரா?"

கேலம் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினான். கேட்டவள் கிளெனிஸ், அவனுடைய பேராசிரியர் யூவனின் இரண்டாம் மனைவி. முதல் மனைவி ராஸ்லினுக்குப் புரூனித் தீவில் கடலைப் பார்த்த வீடு. யூவன் போன மாதம்தான் போய்ச் சேர்ந்தார். அஸ்தியை மிதவைக்குள் அடைத்துக் கடலில் விட்டுவிட வேண்டும், மற்றதை நீரோட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நீரோட்டம் படித்த மனுஷனின் சாவு மட்டும் சாதாரணமாக இருந்துவிடுமா என்ன!

"அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. காத்தையும் நீரோட்டத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி, கம்ப்யூட்டர்ல அம்பது தடவை ஓட்டிப் பாத்தேன். ரெண்டே ரெண்டு தடவைதான் அங்க ஒதுங்குறார்."

"ரெண்டுதானா? சரியாப் பாத்தியா?"

"கவலையே படாதீங்க. மிச்சமெல்லாம் நடுக்கடல்தான்."

"எனக்குத் தூக்கமே இல்லடா. கணக்கு தப்பாப் போகாதுல்ல?"

"போகலாம். பிழை எவ்வளவுன்னு சேக்காம வெறும் நம்பர் சொன்னா, புரொபசர் எங்களை ஆபீஸ் மொத்தத்துக்கும் பீர் வாங்க வைப்பார். மறந்துட்டீங்களா?"

"செத்தும் இழுத்தடிக்கிறார் பாரு, பாவி மனுஷன்!" கிளெனிஸ் மூக்கைச் சிந்தினாள். "மிதவையை விடுற இடத்தை மாத்தினா?"

பாவம், எவ்வளவு பயந்து போயிருக்கிறாள்! மனம் இளகிப்போன கேலம் வேறு வேறு இடங்களைக் கொடுத்து ஓட்டினான். திரையில் கோடுகள் நூடுல்ஸ் மாதிரி சிக்கிக்கொண்டு விரிந்தன.

"இந்தாங்க, கிழக்கே தள்ளி விட்டா அம்பதுல ஒண்ணுகூடக் கரைக்கு வரல. இந்த முனைப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. இங்கிருந்து விட்டா முப்பது தடவை ராஸ்லின் வாசல்தான்!"

கிளெனிஸ் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"படகை அந்த முனைக்கே விடச் சொல்லு."

"என்னங்க சொல்றீங்க?"

"நானே கொண்டுபோய்க் குடுத்தா அவ இளிப்பா. கடல் கொண்டுபோய்ப் போட்டா யாரு என்னை என்ன சொல்ல முடியும்?" கைக்குட்டையைத் தேடினாள். "கடைசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அவ பேரைச் சொல்லித்தானடா கூப்பிட்டார்."